பெர்சிஸ்டன்ட் ஹோமாலஜி மென்பொருளை பில்ட் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வு மாணவர்களும், வேலையில் தரவுகளோடு மல்லுக்கட்டும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பில்ட் செய்வது, கட்டுவது என்றால் மூல நிரலை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றுவது. ஆணைகளையும் விருப்பங்களையும் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

1. பெர்சிஸ்டன்ட் ஹோமாலஜின்னா என்ன? கணக்கு வேண்டாம், விஷயத்தை மட்டும் சொல்லுங்க.

உங்களிடம் ஒரு புள்ளிக் கூட்டம் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி ஒரு பந்தை மெல்ல ஊதிக்கொண்டே போகிறீர்கள். பந்துகள் ஒன்றையொன்று தொடும்போது தனித்தனித் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும், நடுவில் வளையங்கள் உண்டாகும், கூடுகள் உண்டாகும், அப்புறம் அவை அடைபட்டுப் போகும். எந்த ஓட்டை எந்த அளவில் பிறந்தது, எந்த அளவில் மறைந்தது என்று எழுதி வைத்தால் அதுதான் பார்கோடு. நெடுநேரம் நிற்கும் கோடு தரவின் வடிவத்தைச் சொல்லும். சட்டென்று மறையும் கோடு பெரும்பாலும் இரைச்சல்.

பரிமாணம் 0 என்றால் துண்டுகள், 1 என்றால் வளையங்கள், 2 என்றால் உள்ளே வெற்றிடம் உள்ள கூடுகள். கீழே வரும் எல்லாப் பதிலுக்கும் இவ்வளவு தெரிந்தால் போதும்.

2. ரிப்ஸர், குட்ஹி, டயனிசஸ், டிஃபா, ஜியோட்டோன்னு இத்தனை இருக்கே. நான் எதைப் போடணும்?

மென்பொருளைப் பார்க்கும் முன் உங்கள் தரவைப் பாருங்கள். (கீழே காம்ப்ளெக்ஸ் என்று வருவது, புள்ளிகளைக் கோடு, முக்கோணம் என்று இணைத்துக் கட்டும் வடிவம்.) புள்ளிகள் இரண்டு அல்லது மூன்று பரிமாணத்தில் இருந்தால் (மூலக்கூறின் அணுக்கள், முப்பரிமாண ஸ்கேன் மாதிரி) குட்ஹியில் உள்ள ஆல்ஃபா காம்ப்ளெக்ஸ்தான் சரி. அளவில் சிறியது, வேகமானது. புள்ளிகளுக்கு நூறு பரிமாணம், அல்லது புள்ளிகளே இல்லாமல் வெறும் தூர அட்டவணைதான் கையில் என்றால் வியட்டோரிஸ்-ரிப்ஸ் காம்ப்ளெக்ஸ். அதற்கு ரிப்ஸர். தரவு படமாக, பிக்சல்களாக இருந்தால் க்யூபிகல் காம்ப்ளெக்ஸ். குட்ஹியிலும் அது உண்டு, க்யூபிகல் ரிப்ஸர் என்று தனியாகவும் உண்டு.

ரிப்ஸரை எழுதியவர் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் உல்ரிச் பௌவர், 2016இல் வெளியானது. குட்ஹி பிரான்சின் இன்ரியா நிறுவனத்தில் உருவாகும் பெரிய லைப்ரரி. முன்னது ஒரே ஒரு வேலையை மிக வேகமாகச் செய்யும் சின்னக் கருவி, பின்னது முழுப் பட்டறை. நான் இரண்டையும் போட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் கடைசிக் கேள்வியில் வரும்.

3. பிப் இன்ஸ்டால் போட்டாலே வந்துடுதே, நானே எதுக்கு பில்ட் பண்ணணும்?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. பைதானில் வேலை, சில நூறு புள்ளிகள், பரிமாணம் 1 வரை என்றால் பிப் அல்லது கோண்டா (பைதான் பொட்டலங்களை இறக்கிப் போடும் கருவிகள்) வழியாக வருவதை எடுத்துக்கொண்டு நேராக 12ஆம் கேள்விக்குப் போய்விடுங்கள்.

நீங்களே பில்ட் செய்ய வேண்டிய இடங்கள் என நான் கண்டவை: உங்கள் பைதான் பதிப்புக்குத் தயார் பொட்டலம் இன்னும் வராதது, சி++ நிரலுக்குள்ளேயே லைப்ரரியை இணைப்பது, இணையம் இல்லாத கணிப்பு சர்வரில் ஓட்டுவது, மூல நிரலில் ஏதாவது மாற்றிப் பார்ப்பது.

4. ரிப்ஸர் பில்ட் பண்ண என்னென்ன முன்னாடியே இருக்கணும்?

சி++11 தெரிந்த ஒரு கம்பைலரும், அதை இயக்கிக் கட்டித் தரும் மேக் என்ற ஆணையும் போதும். வேறு எந்த லைப்ரரியும் வேண்டாம். முழு மென்பொருளும் ஒரே கோப்பு, ரிப்ஸர் டாட் சிபிபி. கிட்டில் க்ளோன் செய்து, அந்த ஃபோல்டருக்குள் போய், மேக் என்று அடித்தால் சில நொடிகளில் ரிப்ஸர் என்ற புரோகிராம் வந்து நிற்கும். உபுண்டுவில் பில்ட்-எசென்ஷியல் பொட்டலத்தைப் போட்டாலே கம்பைலரும் மேக்கும் சேர்ந்து வந்துவிடும். ஆப்பிளின் மேக் கணினியில் எக்ஸ்கோடின் கமாண்ட் லைன் டூல்ஸ். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) போட்டு அதற்குள் செய்வதுதான் தலைவலி குறைந்த வழி.

பில்ட் முடிந்ததும் கூடவே வரும் எக்ஸாம்பிள்ஸ் ஃபோல்டரில் ஸ்ஃபியர்_3_192 என்ற கோப்பை, இரட்டைக் கோடிட்ட டிம் 2 விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். கோளப் பரப்பில் சிதறிய 192 புள்ளிகள் அவை. நான்கு புள்ளிகள் வரை எல்லாக் கூட்டணிகளையும் எண்ணினால் 5.6 கோடிக்கு மேல் வரும். அத்தனையையும் சாதாரண லேப்டாப்பில் ஓரிரு நொடியில் முடித்துவிடும். பரிமாணம் 2இல் ஒரு நீளமான கோடு தெரிய வேண்டும். அதுதான் கோளத்தின் உள் வெற்றிடம்.

5. மாடுலஸ் 3 கொடுத்தேன். ரிப்ஸர் உதவிப் பக்கத்தைக் காட்டிட்டு நின்னுடுது. ஏன்?

மாடுலஸ் என்பது எந்தப் பகா எண்ணை வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்று சொல்லும் விருப்பம். வெறும் மேக் அடித்தால் உருவாகும் புரோகிராமில் அந்த விருப்பமே கிடையாது. 0, 1 என்ற இரண்டே எண்களைக் கொண்ட களத்தில் மட்டும் கணக்குப் போடும் வகையில் அது கம்பைல் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு உறுப்புக்கும் தனியாகக் கெழுவைச் சேமிக்க வேண்டாம் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். மேக் ஆல் என்று அடியுங்கள், மூன்று புரோகிராம்கள் வரும். ரிப்ஸர்-கோயெஃப் என்பதுதான் வேறு பகா எண்களுக்கானது. ரிப்ஸர்-டீபக், பெயர் சொல்கிறபடி, பிழை தேடுவதற்கு.

உள்ளே நடப்பது எளிமையானது. யூஸ்_கோயெஃபிஷியன்ட்ஸ் என்ற சொல்லை கம்பைலருக்கு டி கொடியோடு கொடுத்தால் அந்தப் பகுதி சேரும், இல்லையென்றால் சேராது. இதேபோல, ஓடும்போது எவ்வளவு முடிந்தது என்று காட்ட இண்டிகேட்_ப்ராக்ரஸ் என்று ஒன்று உண்டு. நீண்ட ஓட்டத்துக்கு அதைச் சேர்த்து பில்ட் செய்யுங்கள். மூன்று மணி நேரமாக ஒன்றுமே அச்சாகாத திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை.

6. குட்ஹி பில்ட் பண்ணேன், பிழை எதுவும் வரலை. ஆனா பைதான்ல ஆல்ஃபா காம்ப்ளெக்ஸ் இல்லைன்னு சொல்லுது.

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இதுதான். குட்ஹிக்குக் கட்டாயம் வேண்டியவை சி++ கம்பைலர், சிமேக் (பில்டைத் தயார்செய்யும் கருவி), பூஸ்ட் (சி++ லைப்ரரித் தொகுப்பு). மற்றவை இருந்தால் சேர்த்துக்கொள்ளும், இல்லையென்றால் அந்தந்தப் பகுதியை ஓசையில்லாமல் விட்டுவிட்டு மேலே போகும். ஆல்ஃபா காம்ப்ளெக்ஸுக்கு சிகால் என்ற வடிவியல் லைப்ரரியும் ஐகென் என்ற அணிக் கணக்கு லைப்ரரியும் வேண்டும். அவை கிடைக்காவிட்டால் பில்ட் வெற்றி என்றுதான் சொல்லும், ஆனால் ஆல்ஃபா இருக்காது.

சிமேக் ஓடி முடிந்ததும் திரையில் ஓடிய வரிகளை மேலே தள்ளிப் படியுங்கள். எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்தன, எவை விடுபட்டன என்று பட்டியல் இருக்கும். அந்த ஒரு நிமிடம் படித்திருந்தால் ஒரு மாலை முழுக்க மிச்சமாகியிருக்கும் என்று சொன்னவர்கள் பலர். பில்ட் முடிந்த பிறகு என்றால், பைதானில் குட்ஹியை இறக்குமதி செய்து, அதன் டீபக்_இன்ஃபோ மதிப்பை (இரு பக்கமும் இரட்டை அடிக்கோடு போட்டு) அச்சிட்டால் எந்த லைப்ரரியோடு கட்டப்பட்டது என்று காட்டும்.

இரண்டு சின்ன விஷயங்கள். கிட்டிலிருந்து நேராக எடுத்திருந்தால் சப்மாட்யூல்களையும் புதுப்பிக்க வேண்டும். பார்கோடுகளுக்கு இடையே தூரம் கணக்கிடும் ஹெரா அங்கிருந்துதான் வருகிறது. வெளியீட்டுப் பொட்டலத்தை இறக்கியவர்களுக்கு இந்த வேலை இல்லை. அடுத்து, சிகால் 5.0 முதல் அது வெறும் ஹெடர் கோப்புகள்தான், தனியாகக் கம்பைல் செய்ய வேண்டியதில்லை. பழைய கையேடுகளைப் பார்த்து சிகாலை முதலில் கட்ட முயல்பவர்கள் வீணாக அலைகிறார்கள்.

7. பாதி பில்ட்ல "கில்டு"னு ஒரே வார்த்தை வந்து நின்னுடுச்சு. யார் கொன்னாங்க?

லினக்ஸ் கொன்றது. மெமரி தீர்ந்துபோனால், அதிகம் தின்கிற புரோகிராமை அது நிறுத்திவிடும். செய்தியில் சிசி1பிளஸ் என்ற பெயர் இருந்தால் அது கம்பைலரின் உள் பகுதி. உங்கள் நிரலில் தவறு இல்லை.

ஒரு மாணவியின் 8 ஜிபி லேப்டாப்பில் இதை நேரில் பார்த்தேன். எட்டு கோர் இருக்கிறதே என்று மேக்குக்கு ஜே 8 கொடுத்திருந்தார். எட்டு கம்பைலர்கள் ஒரே நேரத்தில் சிகாலின் டெம்ப்ளேட்டுகளை விரித்துக்கொண்டிருந்தன. அத்தகைய ஒரு கோப்புக்கே ஒரு ஜிபி, சில சமயம் அதற்கு மேலும் போகும். பக்கத்து ஜன்னலில் மெமரிப் பயன்பாட்டைக் காட்டும் டாப் ஓடியது. மிச்ச மெமரி இறங்கி இறங்கி நூறு எம்பிக்கு வந்தது, மவுஸ் நின்றது, அப்புறம் அந்த ஒற்றை வார்த்தை. ஜே 2 என்று மாற்றி, பிரவுசரையும் மூடிவிட்டு மறுபடி ஓட்டினோம். நேரம் கூடியது, ஆனால் முடிந்தது. ஏற்கெனவே கட்டி முடித்த கோப்புகளை மேக் திரும்பக் கட்டாது என்பதால் பயப்படாமல் மறுபடி ஓட்டலாம்.

எடுத்துக்காட்டுகளும் சோதனைகளும் வேண்டாம் என்றால் சிமேக்கிலேயே வித்_குட்ஹி_எக்ஸாம்பிள், வித்_குட்ஹி_டெஸ்ட் இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். வேலை அங்கேயே குறைந்துவிடும்.

8. விண்டோஸ்ல பிப் போட்டா "விஷுவல் சி++ 14.0 வேணும்"னு கேக்குது. பைதான்தானே போடுறேன், சி++ எதுக்கு?

உங்கள் பைதான் பதிப்புக்கு ஏற்ற தயார் பொட்டலம் கிடைக்காததால் பிப் மூல நிரலை இறக்கி, உங்கள் கணினியிலேயே கட்டப் பார்க்கிறது. கட்டுவதற்கு கம்பைலர் இல்லை. பெரும்பாலும், புதிதாக வந்த பைதானை உடனே போட்டவர்களுக்குத்தான் இது வரும்.

மைக்ரோசாஃப்ட் பில்ட் டூல்ஸை ஜிபி கணக்கில் இறக்குவதற்கு முன், ஒரு பதிப்பு பழைய பைதானில் புதுச் சூழல் ஒன்றை உருவாக்கி அங்கே பிப் போட்டுப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது பேருக்கு அதோடு முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

9. நேத்து வரைக்கும் ஓடிச்சு, இன்னிக்கு "நம்பை டிடைப் சைஸ் சேஞ்ச்டு"னு வருது. நான் எதையும் தொடலையே?

வேறு ஏதோ பொட்டலம் போடும்போது அது நம்பையை (பைதானின் எண் கணக்கு லைப்ரரி) புதுப்பித்திருக்கும். 2024 ஜூனில் வந்த நம்பை 2.0, உள் அமைப்பை மாற்றியது. நம்பை 1 வரிசையை வைத்துக் கட்டிய சி++ பகுதிகள் அதோடு ஒத்துப்போகாது. அந்த லைப்ரரியின் புதிய பதிப்பைப் போடுங்கள், அல்லது நம்பை 2க்குக் கீழே இருக்கட்டும் என்று பூட்டி வையுங்கள். நீங்களே கட்டியது என்றால் பழைய பில்ட் ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். பழையதன் மேலேயே கட்டினால் சிமேக்கின் தற்காலிகக் கோப்பு பழைய பாதையையே பிடித்துக்கொண்டிருக்கும்.

இதன் உறவினர் இன்னொன்று: "ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ் இந்தப் பதிப்பு இல்லை" என்ற பிழை. கணினியின் கம்பைலரால் கட்டியதை கோண்டாவின் பைதானுக்குள் ஓட்டும்போது வரும். கட்டுவதும் ஓட்டுவதும் ஒரே சூழலில் இருக்கட்டும்: கோண்டாவில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் கம்பைலரையும் கோண்டாவிலிருந்தே எடுங்கள்.

10. நான் கட்டினது, பிப்ல வந்ததைவிட இருபது மடங்கு மெதுவா ஓடுதே?

ரிலீஸ் வகையில் கட்டவில்லை. சிமேக்குக்கு பில்ட் டைப் ரிலீஸ் என்று நீங்களே சொல்லுங்கள். தானாகப் புரிந்துகொள்ளும் என்று விடாதீர்கள். டெம்ப்ளேட் நிறைந்த சி++ நிரலில் ஓ3 (வேகமாக ஓடும்படி நிரலை மெருகேற்றச் சொல்லும் கொடி) இல்லாமல் கட்டியதும் இருந்து கட்டியதும் வேறு வேறு மென்பொருள் போலவே ஓடும். ரிப்ஸரின் மேக்ஃபைலில் ஓ3யும், உள் சோதனைகளை நிறுத்தும் என்டீபக்கும் ஏற்கெனவே உண்டு. அதனால் ரிப்ஸர் மெதுவாக இருந்தால், தவறுதலாக டீபக் புரோகிராமை ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள்.

11. இன்னும் வேகம் வேணும்னு மார்ச்-நேட்டிவ், ஃபாஸ்ட்-மேத் ரெண்டும் சேர்த்தேன். தப்பா?

மார்ச்-நேட்டிவ் தப்பில்லை, ஆனால் கட்டிய கணினியிலேயே ஓட்டினால் மட்டும். சர்வரின் நுழைவுக் கணினியில் கட்டி, வேறு செயலி உள்ள கணிப்புக் கணினிக்கு வேலையை அனுப்பினால் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று முதல் நொடியிலேயே சாகும்.

ஃபாஸ்ட்-மேத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். முடிவிலி என்ற மதிப்பே வராது என்று எடுத்துக்கொள்ள அது கம்பைலருக்கு அனுமதி கொடுக்கிறது. நம் வேலையில் சாகாத கோடுகளின் முனை முடிவிலிதான். அதற்கு மேல், புள்ளி வட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று முடிவு செய்ய சிகால் எண்களை எந்தத் திசையில் முழுமையாக்குவது என்பதைக் கட்டுப்படுத்தி நம்பியிருக்கிறது. அந்த நம்பிக்கையை இந்தக் கொடி உடைத்துவிடும். பிழைச் செய்தி வராமல் தப்பான விடை வரக்கூடிய இடம் இது. வேகம் கூட்ட 16ஆம் கேள்வியில் நல்ல வழிகள் இருக்கின்றன.

12. பில்ட் ஆச்சு. சரியா வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

விடை முன்பே தெரிந்த ஒன்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். சொந்தத் தரவை முதலில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பில்ட் ஆனது என்றால் கம்பைலருக்கு நிரல் புரிந்தது என்று மட்டும்தான் அர்த்தம்.

நான் எப்போதும் கொடுப்பது, ஆரம் 1 உள்ள வட்டத்தில் சம இடைவெளியில் 12 புள்ளிகள், கடிகார எண்களைப் போல. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே தூரம் 0.5176. அந்த அளவில் 12 துண்டுகளும் ஒன்றாகி, வளையம் பிறக்க வேண்டும். 12, 4, 8 ஆகிய மூன்று எண்களையும் இணைக்கும் சமபக்க முக்கோணம் உருவாகும்போது வளையம் அடைபட வேண்டும். அதன் பக்கம் மூன்றின் வர்க்கமூலம், 1.732. ஆக ரிப்ஸரில் பரிமாணம் 1இல் 0.5176இலிருந்து 1.732 வரை ஒரு கோடு. இது வரவில்லை என்றால் வேறு எதையும் நம்ப வேண்டாம்.

டிம் 2 கொடுத்தால் 1.732இல் தொடங்கி 1.932இல் முடியும் மூன்று கோடுகள் பரிமாணம் 2இல் வரும். தட்டையான வட்டத்தில் வெற்றிடக் கூடு எங்கிருந்து வந்தது என்று பலர் பதறியிருக்கிறார்கள். மென்பொருள் சரியாகத்தான் சொல்கிறது. ரிப்ஸ் காம்ப்ளெக்ஸ் தூரங்களை மட்டும் பார்க்கிறது, புள்ளிகள் தளத்தில் கிடப்பது அதற்குத் தெரியாது. அந்த அளவில் அது மூன்று கோளங்களை ஒரு புள்ளியில் ஒட்டிய வடிவத்துக்குச் சமமாகிவிடுகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இது.

13. குட்ஹில மேக்ஸ் டைமென்ஷன் 1 கொடுத்தேன், வளையமே வரலை. ரிப்ஸர்ல டிம் 1க்கு வந்துதே?

ஒரே எண், இரண்டு அர்த்தம். ரிப்ஸரின் டிம் என்பது எந்தப் பரிமாண ஓட்டை வரை வேண்டும் என்பது. குட்ஹியில் சிம்ப்ளெக்ஸ் ட்ரீயை (காம்ப்ளெக்ஸைச் சேமித்து வைக்கும் அமைப்பு) உருவாக்கும்போது கொடுப்பது எந்தப் பரிமாண சிம்ப்ளெக்ஸ் (கோடு 1, முக்கோணம் 2, நான்முகி 3) வரை சேர்க்க வேண்டும் என்பது. வளையம் அடைபட முக்கோணம் வேண்டும், முக்கோணம் பரிமாணம் 2. எனவே வளையங்கள் வேண்டுமென்றால் குட்ஹியில் 2 கொடுங்கள், கூடுகள் வேண்டுமென்றால் 3. மேல்மட்டப் பரிமாணத்தின் விடை அரைகுறை என்பதால் குட்ஹி அதைத் தானாகவே காட்டாமல் விடுகிறது. பெர்சிஸ்டென்ஸ்_டிம்_மேக்ஸை ட்ரூ ஆக்கினால் காட்டும்; ஆனால் அங்கே வரும் வளையங்களை அடைக்க முக்கோணமே இல்லாததால் எல்லாமே முடிவிலி வரை போகும்.

14. புள்ளிகளைக் கொடுத்தேன், விடை அபத்தமா வருது. பில்ட் கோளாறா?

அநேகமாக உள்ளீட்டு வடிவக் கோளாறு. கோப்பில் இருப்பது ஆயங்களா, தூர அட்டவணையா என்று ரிப்ஸர் யூகிக்காது. ஃபார்மட் விருப்பத்தில் பாயின்ட்-க்ளௌட், டிஸ்டன்ஸ், லோயர்-டிஸ்டன்ஸ் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஓடத் தொடங்கியதும் முதல் வரிகளில் எத்தனை புள்ளிகள் படித்தது என்று அச்சிடும். அந்த எண்ணை உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

பைதானில் உள்ள ரிப்ஸர் பொட்டலம் கொஞ்சம் அக்கறையானது. சதுர அட்டவணை கொடுத்துவிட்டு அது தூர அட்டவணை என்று சொல்லாவிட்டால் எச்சரிக்கும். வரிசைகளைவிட நெடுவரிசைகள் அதிகம் என்றாலும், திருப்பிப் போட்டுவிட்டீர்களா என்று கேட்கும். அந்த எச்சரிக்கைகளை அணைத்து வைக்காதீர்கள்.

15. ஆயிரம் புள்ளி, டிம் 2. பதினாறு ஜிபி போதலை. சர்வர்தான் வாங்கணுமா?

முதலில் கணக்கு. 1000 புள்ளிகளில் மூன்று மூன்றாக எடுத்தால் சுமார் 16.6 கோடி முக்கோணங்கள். நான்கு நான்காக எடுத்தால் சுமார் 4,141 கோடி. பரிமாணத்தில் ஒரு படி ஏறியதற்கு 250 மடங்கு. குட்ஹியின் சிம்ப்ளெக்ஸ் ட்ரீ அத்தனையையும் மெமரியில் வைக்கப் பார்க்கும், முடியாது. ரிப்ஸர் அவற்றைச் சேமிக்காமல் தேவைப்படும்போது மட்டும் உருவாக்கிக்கொள்கிறது என்பதால் பல மடங்கு தூரம் தாங்கும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

நீங்கள் தொட வேண்டியது த்ரெஷோல்ட், அதாவது எந்தத் தூரம் வரை பார்ப்பது என்ற எல்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் ரிப்ஸர் தானே ஒரு எல்லையை வைக்கும்: ஒவ்வொரு புள்ளிக்கும் மிகத் தொலைவில் உள்ள புள்ளியின் தூரத்தை எடுத்து, அவற்றில் மிகச் சிறியது. அந்த அளவுக்கு மேல் ஒரு புள்ளி எல்லாவற்றோடும் இணைந்துவிடுவதால் எந்த ஓட்டையும் மிஞ்சாது. எனவே விடையில் எதுவும் இழப்பில்லை. அதற்கும் கீழே நீங்கள் இறக்கினால் நேரமும் மெமரியும் வேகமாகக் குறையும். பதிலுக்கு, அந்த அளவில் இன்னும் அடைபடாத கோடுகள் வலது முனை காலியாக, முடிவிலி வரை போவதாக வரும். அது உங்கள் த்ரெஷோல்டின் தடம், தரவின் தன்மை இல்லை.

16. என் கணினியில பதினாறு கோர். ரிப்ஸர் ஒண்ணை மட்டும் பயன்படுத்துது. பில்ட்ல எதை மாத்தணும்?

பில்ட்டில் எதுவும் இல்லை. ரிப்ஸர் ஒற்றை இழையில் ஓடும்படி எழுதப்பட்டது. மேக்குக்குக் கொடுக்கும் ஜே எண் கட்டும் வேகத்தைத்தான் கூட்டும், ஓட்டும் வேகத்தை இல்லை. பல இழைகளில் வேண்டுமென்றால் ஜியோட்டோ-பிஎச். என்விடியா ஜிபியு இருந்தால் ரிப்ஸர்-பிளஸ்பிளஸ். அதற்கு கூடா கருவிகள் வேண்டும்.

ஆனால் கோர்களைக் கூட்டுவதைவிட வேலையைக் குறைப்பது எப்போதும் அதிகப் பலன் தருகிறது. குட்ஹியில் எட்ஜ் கொலாப்ஸ் என்று ஒன்று உண்டு. முதலில் பரிமாணம் 1 வரை, அதாவது புள்ளிகளை இணைக்கும் கோடுகளை மட்டும் கொண்டு ட்ரீயை உருவாக்கி, கொலாப்ஸ்_எட்ஜஸ் ஓட்டி, அதன் பிறகு எக்ஸ்பான்ஷன் செய்ய வேண்டும். தேவையில்லாத இணைப்புக் கோடுகள் கழிந்துவிடும், பார்கோடு மாறாது. 15ஆம் கேள்வியில் மெமரி போதாமல் நின்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

17. கம்பெனி புராடக்ட்ல சேர்க்கலாமா? லைசென்ஸ் என்ன?

ரிப்ஸர் எம்ஐடி உரிமம். குட்ஹியும் எம்ஐடி, ஆனால் சிகாலைத் தொடும் பகுதிகள் ஜிபிஎல் 3இன் (சேர்த்து விநியோகித்தால் உங்கள் நிரலையும் திறந்து வைக்கக் கேட்கும் உரிமம்) கீழ் வரும். ஆல்ஃபா காம்ப்ளெக்ஸ் அதில் ஒன்று. ஜியோட்டோ-டிடிஏ ஏஜிபிஎல், அதே வகையில் இன்னும் கண்டிப்பானது. சிகாலே இல்லாமல் குட்ஹியைக் கட்டுவது, 6ஆம் கேள்வியில் கோளாறாக வந்ததுதான், இங்கே வேண்டுமென்றே செய்யும் வேலையாகிவிடும். இறுதி முடிவை உங்கள் சட்டப் பிரிவிடம் விடுங்கள்.

18. ஆல்ஃபாவுக்கும் ரிப்ஸுக்கும் எண்கள் ஒத்துப்போகவே இல்லை. எது சரி?

இரண்டும் சரி, அளவுகோல் வேறு. 12 புள்ளி வட்டத்தையே ஆல்ஃபாவில் ஓட்டுங்கள். வளையம் 0.067இல் பிறந்து 1இல் மறையும். ரிப்ஸில் எழுதப்படுவது புள்ளிகளுக்கு இடையிலான தூரம். குட்ஹியின் ஆல்ஃபாவில் எழுதப்படுவது ஆரத்தின் வர்க்கம். 0.5176இல் பாதி 0.2588, அதன் வர்க்கம் 0.067. பிறப்பு ஒத்துப்போகிறது பாருங்கள். மறைவு ஒத்துப்போகாது, ஏனென்றால் ஆல்ஃபாவில் வளையம் பந்துகள் மையத்தை மூடும்போதுதான் அடைபடும். அங்கே ஆரம் 1.

ஆரம் 1 என்பதால் வர்க்கமும் 1, அதனால் இந்தச் சோதனையில் இது கண்ணில் படாமல் போகலாம். வட்டத்தின் ஆரத்தை 2 ஆக்கி ஓட்டுங்கள், மறைவு 4 என்று வரும். இதைக் கவனிக்காமல் இரண்டு முறைகளின் கோட்டு நீளங்களை ஒரே படத்தில் வரைந்து, ஒரு வாரம் பொருளில்லாத ஒப்பீடு செய்திருக்கிறேன். நீளங்களை ஒப்பிடும் முன் வர்க்கமூலம் எடுங்கள். வர்க்கம் நீளக் கோடுகளை இன்னும் நீட்டி, குட்டைக் கோடுகளை இன்னும் குறுக்கிக் காட்டும். இரைச்சல் இல்லாத தரவு போல ஒரு தோற்றம் வந்துவிடும்.

19. ஒரே தரவு, ஒரே ரிப்ஸ், ஒரே த்ரெஷோல்ட், பரிமாணமும் சரிபார்த்துட்டேன். இருந்தும் ரிப்ஸருக்கும் குட்ஹிக்கும் கோடுகளோட எண்ணிக்கையே வேற. எது பொய் சொல்லுது?

முதலில் எளிய காரணத்தைக் கழித்துவிடுங்கள். ரிப்ஸர் 32 பிட் எண்களிலும் குட்ஹி 64 பிட் எண்களிலும் வேலை செய்கின்றன. ஏழாவது இலக்கத்துக்குப் பிறகு வேறுபட்டால் கண்டுகொள்ள வேண்டாம். சமமாக இருக்க வேண்டிய தூரங்கள் 64 பிட்டில் ஒரு மயிரிழை விலகி, நீளம் கிட்டத்தட்ட சுழியான கோடுகளாக வரலாம். குட்ஹியில் மின்_பெர்சிஸ்டென்ஸுக்கு ஒரு சின்ன எண் கொடுத்தால் அவை போய்விடும்.

அதற்குப் பிறகும் நீளமான கோடுகளிலேயே வேறுபாடு இருந்தால், உங்கள் தரவில் சுவாரசியமான ஏதோ இருக்கிறது. ரிப்ஸர் பகா எண் 2இல் கணக்குப் போடுகிறது என்று 5ஆம் கேள்வியில் பார்த்தோம். குட்ஹியின் பெர்சிஸ்டென்ஸ், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 11இல் போடுகிறது. பெரும்பாலான தரவுகளில் விடை ஒன்றாகவே இருக்கும். ஆனால் உள்ளே ஒரு முறுக்கு இருந்தால் மாறும். க்ளைன் பாட்டில் என்ற பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2இல் பார்த்தால் ஒரு துண்டு, இரண்டு வளையங்கள், ஒரு கூடு. 3, 11 போன்ற ஒற்றைப் பகா எண்களில் பார்த்தால் ஒரு துண்டு, ஒரே வளையம், கூடு கிடையாது. இரண்டு முறை சுற்றினால் மட்டுமே அடைபடும் வளையம் ஒன்று அதில் இருக்கிறது. இரண்டு என்பது சுழிக்குச் சமமான களத்துக்கு அது அடைபட்டது தெரியாது.

எனவே ரிப்ஸர்-கோயெஃபைக் கட்டி, மாடுலஸ் 11 கொடுத்து ஓட்டுங்கள். இப்போது குட்ஹியோடு ஒத்துப்போனால் இரண்டு பில்டும் சரி, வேறுபாடு தரவிலிருந்து வந்தது. அப்போது 2இலும் 3இலும் கிடைத்த பார்கோடுகளை அருகருகே வைத்து, எந்தக் கோடு காணாமல் போகிறது என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் 12ஆம் கேள்விக்குத் திரும்பி, 12 புள்ளி வட்டத்தை இரண்டிலும் மறுபடி ஓட்டுங்கள்.